ஏழு லட்சத்து இருபதாயிரம்

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகளை ஜெனோவா கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. எடை எழுநூற்று இருபது கிராம் என்றார் டாக்டர். மூச்சு சரியாக வரவில்லை, உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார்.

வராந்தாவில் கணவனின் அக்கா ரோஸ்மலர் தன் தம்பி கிளாட்வினிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“முக்காக் கிலோகூட இல்லடா. நாம கொழம்புக்கு வாங்குற மீனே இதவிட எடையா இருக்கும். இதுக்குப் போயி மதுர வரைக்கும் அலையணுமா? ஆண்டவர் விட்ட வழின்னு இருந்துருவோம்.”

கிளாட்வின் தலையைக் குனிந்தபடி நின்றான். அவன் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாததுதான் ஜெனோவாவுக்கு வயிற்றுத் தையலைவிட அதிகமாக எரிந்தது.

“மைனி, மீன் நிறுக்குற தராசுல எம்புள்ளைய வைக்காதிய,” என்றாள். குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. “அவளுக்கு மருந்தே மில்லிகிராம்லதான் போடுதாவ. அதே கணக்குல சொல்லுங்க. ஏழு லட்சத்து இருபதாயிரம் மில்லிகிராம் இருக்கா எம்மவ. ஏழு லட்சம்! இப்பச் சொல்லுங்க, கொறச்சலா?”

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஜெனோவா தையலைக் கையால் அழுத்திக்கொண்டு அதில் ஏறினாள். நர்ஸ் குழந்தையின் பெட்டியை அவள் பக்கத்தில் வைத்துப் பட்டையால் கட்டினாள்.

ரோஸ்மலர் பதறிப்போய் ஓடிவந்தாள். “பச்ச ஒடம்புக்காரி, தனியாவா போற?”

“கண்ணு தெரியலியா மைனி? நாங்க ரெண்டு பேரு போறோம்.”

கிளாட்வின் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி நின்றான்.

“ஏறுதியளா, இல்ல கதவ மூடவா?” என்று கேட்டார் டிரைவர்.