கொயருக்கு ஒரு சட்டம்

"கிறிஸ்மஸுக்கு கொயர்ல பாடணும்னா எல்லாரும் பல் டாக்டர்கிட்ட போயி ஈறைக் காட்டிட்டு வரணும். காட்டாதவங்க பாடாண்டாம்."

பிரேமகுமாரி அக்கா இப்படிச் சட்டம் போட்டப்போ எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. எங்க சபை கொயருக்கு லீடர்னா என்ன வேணும்னாலும் சொல்லலாமா? பாட்டுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

"காரியம் வேற," வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "பாறசாலையில புதுசா கிளினிக் திறந்திருக்காளே ரெஜிலா டாக்டர், அவ அக்காவுக்கச் சொந்தக்காரியாக்கும். ஆள் பிடிச்சுக் குடுக்காவ."

எனக்க வீட்டுக்காரரு ஈசாக் கையில இருந்த பாட்டுப் புஸ்தகத்த மூடி வெச்சாரு. முகம் வாடிப் போச்சு. டயர் கடையில நாள் முழுக்க மல்லாடிட்டு வாற மனுஷன். அவருக்கு இருக்கிய ஒரே சந்தோஷம் கொயர்தான். நானும் அதுல உண்டு. ஆனா அவரு அடிக்குரல்ல பாடுறது மாதிரி பாட எங்க சபையில வேற ஆளு கிடையாது.

"நான் போவல ஆனந்தபாய். கிளீன் செஞ்சா நல்ல பல்லும் ஆடும். எனக்க அப்பனுக்கு அப்படித்தான் ஆச்சு."

"அப்போ பாட்டு?"

"பாட்டும் வேண்டாம்."

அவருக்க ஈறுல ரத்தம் வாறது எனக்குத் தெரியும். வாயில வாடையும் உண்டு. ஒருக்க சொல்லிப் பாத்தேன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு நடந்தாரு. பிறகு ஆரு சொல்லுவா?

சனிக்கிழமை கொயர் மொத்தமும் கிளினிக் வாசல்ல நின்னோம். இவரும் மனசு கேக்காம வந்துட்டாரு. ஆனா பைக்க விட்டு இறங்கல.

முதல் ஆளா அக்கா உள்ள போனாவ. கதவு சாத்தினாவ. கொஞ்சம் கழிச்சு கர்ச்சீப்பால வாயைத் துடைச்சுட்டு வெளிய வந்தாவ.

"ஒரு வலியும் இல்ல. பல்லும் ஆடல. வா ஈசாக்கே, அடுத்தது நீயாக்கும்."

எல்லாரும் பாத்துட்டு நிக்காவ. மாட்டேன்னு எப்படிச் சொல்லுவாரு? நானும் கூடவே உள்ள போனேன்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் பாத்தா.

"எத வெச்சுப் பல்லு தேய்ப்பீங்க அண்ணா?"

"உமிக்கரி. நல்லா அமுக்கித் தேய்ப்பேன். ரத்தம் வாற பக்கம் மட்டும் தொடமாட்டேன்."

"அந்தப் பக்கந்தான் தொடணும். பிரஷ் வெச்சு, மெதுவா, தினமும். அழுக்கு கல்லு மாதிரி உறைஞ்சு ஈறுக்கு அடியில இருக்கு. பல்லைத் தாங்குற எலும்பு கரையுது. பல்லு ஆடுறது கிளீன் செய்யுறதுனால இல்ல, இந்தக் கல்லாலயாக்கும். சுகர் உண்டா?"

"உண்டு."

"அப்போ அதையும் கட்டுப்பாட்டுல வெக்கணும். நல்ல வேளை வந்தீங்க. இன்னும் விட்டிருந்தா ஒவ்வொண்ணா எடுக்க வேண்டி வந்திருக்கும்."

நாலஞ்சு தடவ போனாரு. உமிக்கரி டப்பாவை நானே தூரப் போட்டேன். ரத்தம் நின்னுச்சு. வாடையும் போச்சு. கிறிஸ்மஸ் ஆராதனையில மனுஷன் வாயைத் தாராளமாத் திறந்து பாடினாரு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

அக்கா மேல கோபம் கோபமா இருக்கட்டும், நன்றின்னு ஒண்ணு உண்டே. மறுநாள் காலம்பற ஒரு சீப்பு ரசகதலிப் பழம் எடுத்துட்டு, சொல்லாம கொள்ளாம அவங்க வீட்டுக்குப் போனேன். முன்னால ஆளக் காணல. பின்பக்கம் பைப்புல தண்ணி விழுற சத்தம் கேட்டுது.

அக்கா பல்லு தேய்ச்சிட்டு நின்னாவ. பல்லு அவங்க கையில இருந்துது. மேல் வரிசை ஒண்ணு, கீழ் வரிசை ஒண்ணு.

என்னக் கண்டதும் பதறிப்போயி ரெண்டையும் வாயில மாட்டினாவ.

"அக்கா, உங்களுக்கு சொந்தப் பல்லு ஒண்ணு கூட இல்லியா? அப்போ அன்னைக்கு டாக்டர் உங்களுக்கு என்னத்தக் கிளீன் செஞ்சா?"

"சும்மா கதை பேசிட்டு இருந்தோம். மெதுவாப் பேசு மக்கா. ஈசாக்குக்குத் தெரியாண்டாம்."

"அவருக்காகவா கொயர் முழுசையும் இழுத்துட்டுப் போனிய?"

"அவன மட்டும் போகச் சொன்னா அவனுக்கு நாணக்கேடு இல்லியா?"

பழத்த நீட்டினேன்.

அக்கா வாங்கி வெச்சிட்டு, எனக்க கையப் பிடிச்சாவ.

"எனக்கும் இதே ரத்தம் வந்துது, இதே வாடையும் இருந்துது. அப்போ கொயர்ல எல்லாரும் எங்கிட்ட இருந்து ஓரடி தள்ளி நின்னு பாடினாவ மக்கா. ஒருத்தரும் சொல்லல."