பாலத்துக்கு இந்தப் பக்கம்

மனைவியின் அஸ்திச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியின் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் சன்னாசி. ஈப்போவிலிருந்து ஆயர் தாவார் தாண்டி, அஸ்தியைக் கரைக்கப் போகும் கடலோரக் கிராமத்துக்கு பஸ் உண்டு. செம்பைப் பார்த்ததும் கண்டக்டர் கையை விரித்துவிட்டார். பேராக் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் டிரைவர் ஆ லியோங் வண்டியை ஓரங்கட்டுகிறான். எஸ்டேட்டில் வளர்ந்த சீனப் பிள்ளை, தமிழ் சரளமாக வருகிறது. “அண்ணே, பாலம் வருதுன்னு அக்காகிட்ட சொல்லு. சொல்லாட்டி ஆத்தைத் தாண்டத் தெரியாம இங்கயே நின்னுடும். பேரைச் சொல்லிக் கூப்பிடணும்லா.” ஆற்றின் மேல் காலைப் பனி இடுப்பளவுக்கு நிற்கிறது. டீசல் எஞ்சினின் உதறலில் செம்பின் மூடி மெல்லப் பல்லைக் கடிக்கிறது.

“பேரா?” முப்பது வருஷமாக அவர் கூப்பிட்டதெல்லாம் ‘இந்தா’தான். சாவு வீட்டிலும் ஆளைச் சிரிக்கவைக்கிற வாய் இப்போது உலர்ந்து கிடக்கிறது. “இந்தான்னு சொன்னா போதாதா?” “இந்தான்னா யாருன்னு தெரியும்? அங்க எத்தனை பேரு நிக்கிதோ!” சன்னாசி பனியைப் பார்க்கிறார். செம்பை இறுக்கிக்கொள்கிறார். “நல்லம்மா,” என்கிறார், பெண் பார்க்க வந்தவரைப் போலக் குரல் இறங்கி, “பாலம் வருது. வந்துரு.” ஆ லியோங் கண்ணாடியில் காலியான பின்சீட்டைப் பார்த்தபடி, யாரோ ஏறிச் சேலையை ஒதுக்கி உட்காரும்வரை பொறுப்பவன்போல் காத்திருக்கிறான், பிறகு கியரைப் போடுகிறான். சன்னாசிக்குக் காதெல்லாம் சூடாகிறது. திரும்பிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. பார்த்தால் அவள் சிரித்துவிடுவாள்.