ஊர்வலம் நின்ற வீடு

"பொண்ணைப் படிக்க அனுப்பாத வீட்டு வாசல்லயே உட்காந்துடுங்க. அனுப்பற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது!" என்று முழங்கி, மாணவர் ஊர்வலத்தைத் தொடங்கி வைத்தார் தலைமையாசிரியர்.

நிருபருக்குப் பேட்டி கொடுத்துவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது, பூட்டிய வீடு ஒன்றின் முன்னால் தெருவையே அடைத்து உட்கார்ந்திருந்தது மாணவர் கூட்டம். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பூட்டின வீட்டு முன்னாடி என்னடா பண்றீங்க? எழுந்திருங்க!"

"உள்ள ஒரு அக்கா இருக்காங்க சார். காலேஜுக்குப் போகணும்னு கேட்டாங்களாம். அவங்கப்பா வெளிய பூட்டிட்டுப் போயிட்டாராம்."

"அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கு எதுக்குடா?"

மாணவத் தலைவி எழுந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க சார். சட்டைப் பையிலதான் வெச்சிருக்கீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்க."