முதல் கிண்ணம் சின்னராசாவுக்கு

"கஞ்சி மொதல்ல சின்னராசாவுக்கு, மிச்சந்தான் எனக்கா?" என்று கேட்டான் மாயாண்டி.

அவன் பெண்டாட்டி வீரம்மா, தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மேட்டு லயத்தில் இருந்த சின்னராசா வீட்டுக்கு நடந்தாள்.

வெற்றிலையை ஓயாமல் மென்று கன்னத்துக்குள் புற்றை வரவழைத்துக்கொண்டவன் மாயாண்டி. கொழும்பு ஆஸ்பத்திரியில் கன்னத்தில் கதிர் பாய்ச்சி, அதாவது கரண்ட் வைத்து, அனுப்பியிருந்தார்கள். வாயெல்லாம் புண். எச்சில் ஊறவில்லை. கரண்ட் பட்ட வலது கன்னத்தில் தாடிகூட முளைக்க மறுத்தது. பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்தால் போதும் என்பதுதான் அவன் கண்ட ஒரே லாபம். தீபாவளி கழிந்து மறுபடியும் வரவேண்டும், அதற்குள் சாப்பிட்டு உடம்பைத் தேற்றாவிட்டால் கரண்ட் வைக்க முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கஞ்சி நெருப்பாய் எரிந்தது. ஆனால் ஓர் ஆம்பளை அதைப் பெண்டாட்டியிடம் சொல்வதா? அவள் கேட்கும்போதெல்லாம், கண்ணில் நீர் வழிய, "ஒண்ணும் எரியல" என்பான். அவள் முதுகைத் திருப்பியதும் கிண்ணத்தைக் கோழிக்குக் கவிழ்ப்பான். அந்த வீட்டில் கோழி மட்டும் கொழுத்தது.

சின்னராசா அவளுக்கு மாமன் மகன். மாயாண்டி முந்திக்கொள்ளாவிட்டால் அவளைக் கட்டியிருப்பான். போன வருஷம் வேலைக்கென்று கொழும்புக்குப் போய்த் திரும்பியதிலிருந்து கழுத்தையும் கன்னத்தையும் சுற்றிச் சிவப்பு மப்ளர், சுள்ளென்ற வெயிலிலும். 'பெரிய மைனரு!' என்று பொருமுவான் மாயாண்டி. அந்த மைனருக்குத்தான் தினமும் முதல் கிண்ணம். சில நாள் அங்கிருந்து வந்து மறுபடியும் அடுப்பு மூட்டுவாள்.

"ஏன், தொரைக்குப் புடிக்கலியாமா?"

"ஆமாங்க" என்பாள், ஒளிக்காமல்.

இன்று பொறுக்க முடியவில்லை. பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்தான்.

உள்ளே சின்னராசா மப்ளரை அவிழ்த்துப் போட்டுவிட்டு, இவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் குடித்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"எரியுது புள்ள. மொளகு போட்டியா?"

"ஒண்ணே ஒண்ணு, மச்சான். வாசத்துக்கு."

"அதுவும் வேணாம். தேங்காப்பால் ஊத்தி நல்லா ஆறவையி. ஏன், இத அவர்கிட்டயே கேட்டா என்னவாம்?"

"அவரு எரியுதுன்னு எந்தக் காலத்துல சொல்லுவாரு? கோழி கொழுக்கிறது எங்கண்ணுக்குத் தெரியாதா?"

சின்னராசா சிரித்துக்கொண்டே வெளிச்சத்துக்குத் திரும்பினான். இடது கன்னத்தில் நரைத்த முள் தாடி. வலது கன்னத்தில், மாயாண்டியின் கன்னத்தைப் போலவே, ஒரு மயிர்கூட இல்லை.