துணைக்கு வந்தவர்

"இவளுக்கு மூளை எப்பவோ கழண்டு போச்சும்மா. நல்லாப் பெருசா எழுதிக்கிருங்க!"

இன்பசேகரன் சார் சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி ஆனிமேரியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

தமிழ்வாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் மறதி நோயைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. நோயாளிகளிடம் கேள்வி கேட்டுப் பதிவு செய்வது அவள் வேலை. எத்தனையோ புருஷன்மார்களைப் பார்த்திருக்கிறாள். பெண்டாட்டியின் சீக்கை இப்படி ஊருக்கே ஒலிபரப்புகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

உள்ளே வரும்போது மட்டும் மனைவியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் வந்தார். தொலைந்துவிடக் கூடாதாம்.

"சார், நீங்க எதிர் ரூமுக்குப் போங்க. நோயாளி வீட்டுல இருந்து நல்லா இருக்கிற ஒருத்தரைத் துணைக்கு வரச் சொல்றோம்ல, அவங்ககிட்டயும் இதே கேள்வியைக் கேப்போம். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

"கேளுங்க, கேளுங்க! மிஷன் ஸ்கூல்ல காலமெல்லாம் கணக்கு வாத்தியாரு நான். என் மார்க்கைப் பாத்து நீங்க மயக்கம் போடாம இருந்தாச் சரி."

இதையே வந்ததும் ஒருதரம் சொல்லியிருந்தார். பெருமை பேசுவதில் இந்த மனுஷனுக்கு அலுப்பே வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

எதிர் அறையில் கேள்வி கேட்கிறவன் ஜினோ. அவனிடம் சாரைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, ரயில், தேங்காய், சாவி. இந்த மூணையும் மனசுல வச்சுக்கங்க. கொஞ்சம் கழிச்சுக் கேப்பேன்."

ஆனிமேரியம்மா பலமாகத் தலையாட்டினார்.

"இது என்னம்மா?" தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள்.

"வளையலா?"

"இப்ப என்ன மாசம்?"

"வெயில் மாசம்."

மதுரையில் அதற்கு அரை மார்க்காவது கொடுத்திருக்கலாம். விதியில் இடமில்லை.

"முதல்ல மூணு வார்த்தை சொன்னேனே, என்ன?"

"நீ எங்கம்மா சொன்ன?"

பாவம், நன்றாக முற்றிவிட்டது. தமிழ்வாணிக்கு மனசு கனத்துப் போனது.

எழுந்த ஆனிமேரியம்மா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"பேர் பதிய வந்தன்னைக்கு நார்த்தங்கா ஊறுகான்னா உசுருன்னு சொன்னேல்ல பாப்பா, இந்தா. உன் மக சுபலட்சுமிக்குக் குடுத்துராத. தொண்டை கட்டியிருக்குன்னியே, சரியாப் போச்சா?"

"சரியாப் போச்சும்மா" என்று வாங்கிக்கொண்டவள், பாதியில் நின்றாள். பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா இது? தேங்கா மறந்து போச்சு, என் மக தொண்டை மட்டும் ஞாபகம் இருக்கோ?"

ஆனிமேரியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தமிழ்வாணிக்கு வந்ததே கோபம். "இது ஆராய்ச்சிம்மா! ஒரு ஆள் பொய் சொன்னாலும் மொத்தக் கணக்கும் தப்பாப் போயிரும். இதை நம்பித்தான் நாளைக்கு அம்புட்டு நோயாளிக்கும் வைத்தியம் பாக்கப் போறாங்க. எதுக்கு நடிச்சீங்க, நோயாளிக்கு இங்க எடுக்கிற ஓசி ஸ்கேனுக்கா? எனக்குப் பொய்யே பிடிக்காதும்மா."

"நான் பாஸாயிட்டா எங்களைத் திருப்பி அனுப்பிருவீங்கல்ல..."

அதற்குள் கதவு திறந்தது. ஜினோ எட்டிப் பார்த்தான். முகம் சரியில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அக்கா, சார்கிட்ட ஒரு கடிகாரம் வரையச் சொன்னேன். நம்பர் எல்லாத்தையும் ஒரே பக்கமா எழுதிட்டாரு. முள்ளை எங்க வைக்கன்னு தெரியல. வேர்த்து ஊத்துது அவருக்கு."

தமிழ்வாணி திடுக்கிட்டு ஆனிமேரியம்மாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"காளவாசல் சிக்னல்ல நின்னுக்கிட்டு நம்ம வீடு எங்க மேரின்னாரு பாப்பா. வீடு எதுத்த தெருதான். டாக்டருகிட்டப் போவோம்னு சொன்னா, எனக்கென்ன பைத்தியமான்னு சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டாரு. அதான் மறதி எனக்குன்னு சொன்னேன். துணைக்குன்னதும் சட்டையை மாட்டிக்கிட்டு முன்னாடி வந்து நின்னுட்டாரு."

"அதுக்காக அம்புட்டுப் பேரு முன்னாடி உங்களை அப்படிக் கேலி பண்றாரே?"

"பண்ணட்டும். பயந்து போயி ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்த மனுசன். சீக்கு எனக்குத்தான்னு தெரிஞ்ச பெறகுதான் வாய்விட்டுச் சிரிக்கிறாரு."

தமிழ்வாணி மேஜையில் இருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எதிர் அறையிலிருந்து இன்பசேகரன் சார் வேகமாக வெளியே வந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேனா சரியில்லம்மா உங்ககிட்ட. மேரி, கிளம்பு. இனிமே இந்தப் பக்கமே வரப்படாது."

ஆனிமேரியம்மா தமிழ்வாணியின் கையை இறுக்கிப் பிடித்தார். இன்றைக்கு வாசலைத் தாண்டிவிட்டால் இந்த மனுஷனை மறுபடி எந்தப் பொய்யாலும் கூட்டிவர முடியாது.

"ரெண்டு பேரையும் ஆராய்ச்சியில இருந்து எடுத்துரு" என்று ஜினோவின் காதில் சொன்னாள் தமிழ்வாணி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சார் பக்கம் திரும்பி, கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்.

"அதெப்படி சார் போக முடியும்? துணைக்கு வந்தவங்களை டாக்டர் பாத்த பெறகுதான் நோயாளியையே பாப்பாரு. இங்க அதுதான் சட்டம்!"