கழித்தல் குறி

“அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு? வாசி பாப்போம்.”

மரம் ஏற்றிய லாரியில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு அப்பா ஒருநாள் அவளிடம் இப்படிக் கேட்டார். ஹெல்காவுக்கு அப்போது பதினான்கு வயது.

“ஏன், உங்களுக்கு எழுத்து மறந்துபோச்சா?” என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார்.

அடுத்த வசந்தத்தில் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பார்வையின் நடுப்பகுதி கரைந்துகொண்டே போகும், ஓரங்கள் மட்டும் மிஞ்சும் என்றார் மருத்துவர்.

அப்பா இப்போது லாரி ஓட்டுவது ஹெல்காவின் கணினியில்தான். பின்லாந்துச் சாலைகளை யாரோ ஆர்வலர்கள் வளைவு தப்பாமல் வரைந்து சேர்த்திருந்த பழைய விளையாட்டு. அவர் தினமும் மரம் ஏற்றிப் போய்வந்த காட்டுச் சாலையும் அதில் இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் ஹெல்கா தொழிற்பள்ளியை விட்டு நின்றாள். யாராவது பெயர் கேட்டாலே தன் நாக்கு ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு இனிப் போக முடியாது என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டு மேசைக்குக்கூட வரவில்லை.

ஒரு மாலை அப்பா வந்து கதவைத் தட்டினார்.

“இன்ஜினியர் அம்மா, உள்ளதான் இருக்கீங்களா? ரோடு ரொம்ப மங்கலா இருக்கு. எதையாவது திருகி விடேன்.”

திருகினாள்.

திரையில் படத்தைத் தீட்டும் கிராபிக்ஸ் டிரைவர் வெளியே காட்டுவது கொஞ்சம், உள்ளே மறைத்து வைத்திருப்பது ஏராளம். அந்த மறைந்த செட்டிங்குகளைத் திறந்து காட்டும் சின்ன மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்தாள். மூட்டத்தை அணைத்தாள். நிழல்களை எடுத்தாள். அங்கே ஓர் எண் இருந்தது. தொலைவில் இருப்பது எவ்வளவு கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்கான எண். அதன் முன்னால் கழித்தல் குறி போட்டால் மரப்பட்டையின் வெடிப்புகூடத் தெரியும். குறியை விட்டுவிட்டால் எல்லாம் கஞ்சியாகக் குழைந்துவிடும்.

“அட, பலகை தெரியுதுடி!” என்றார் அப்பா அன்று.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். ஒரு கையில் காபி, மறு கையில் கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்த தட்டு. “இன்னும் கொஞ்சம்” என்பார். அவள் எண்ணைக் கொஞ்சம் தள்ளுவாள்.

“நிழலை எல்லாம் எடுத்துட்டேன்பா. சூரியன் கோவிச்சுக்கப் போகுது.”

“நம்ம ஊரு ஜனவரி இருட்டுல சூரியனை யாரு பாத்தா, போடி.”

எதை மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். சொல்லி முடிப்பதற்குள், தான் சாப்பிடுவது தெரியாமலே ரொட்டியைத் தின்று தீர்த்திருப்பாள்.

நோய்க்கு மருந்தில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பலகையை வாசிக்கும்வரை அப்பாவின் கண்ணில் ஏதோ மிச்சமிருக்கிறது. அந்த மிச்சம் நழுவாமல் தான் பிடித்து வைத்திருப்பதாக நம்பினாள்.

இன்று கிராபிக்ஸ் டிரைவர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, அவள் செய்து வைத்திருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. நினைவிலிருந்து ஒவ்வொன்றாக நிரப்பி முடித்தபோது கதவு தட்டப்பட்டது.

அப்பா உட்கார்ந்தார். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். மேசையில் பொருத்தியிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்து, கீழேயிருந்த பெடலில் கால் வைத்தார். லாரி காட்டுப் பாதையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறியது. ஆளே இல்லாத சாலையிலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினார்.

ஹெல்கா அப்போதுதான் திரையைப் பார்த்தாள்.

பிர்ச் மரங்கள் வெள்ளைக் கறைகளாக நின்றன. சாலை சாம்பல் நிறக் கூழாகக் கிடந்தது. எதிரே வந்த நீலப் பலகையில் ஓர் எழுத்துகூட இல்லை. ஈரத்துணியால் துடைத்தது போல வெள்ளைத் தீற்றல் மட்டும்.

கழித்தல் குறியை விட்டுவிட்டிருந்தாள்.

நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள்.

“பிரமாதம்டி இன்னைக்கு!” என்றார் அப்பா. “இவ்வளவு தெளிவா என்னைக்குமே இருந்ததில்ல. பாரு, குஹ்மோன்னு எப்படிப் பளிச்சுனு எழுதியிருக்கு!”

பலகை அவர்களைக் கடந்து போனது.

அது குஹ்மோ ஊருக்கு வழிகாட்டும் பலகைதான். தினமும் திரும்பிய அந்தத் திருப்பம் அவருக்குக் கையிலேயே இருந்தது.

அப்படியென்றால் போன வாரம் பட்டையில் வெடிப்பு தெரிகிறது என்றது? அதற்கு முன்னால் பெட்ரோல் பங்கின் விலையை வாசித்தது? முதல் நாள், அந்த ‘அட’? அப்படியானால் தினமும் தட்டோடு வந்தது எதற்கு?

“சொல்லுடி. எதை மாத்துன?”

வழக்கம் போலச் சொல்லிவிட்டால் போதும். நாளைக்கும் கதவு தட்டப்படும்.

“ஒரு... ஒரு நம்பர்ப்பா,” என்றாள். “ஆமா. நல்லா தெரியுது.”

குரல் நடுவில் உடைந்துவிட்டது.

அப்பாவின் கால் பெடலிலிருந்து எழுந்தது. அவள் பக்கம் திரும்பித் தலையைச் சாய்த்தார். அது கேட்பதற்கான சாய்ப்பு அல்ல, மிஞ்சியிருக்கும் ஓரத்தில் அவள் முகத்தைத் தேடுவது என்று ஹெல்காவுக்கு இப்போது தெரிந்தது.

அவர் மறுபடி இண்டிகேட்டர் போட்டார். லாரியைச் சாலையோரமாக ஒதுக்கி, பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்தார்.

அவருடைய கை மேசையைத் தடவித் தட்டைக் கண்டுபிடித்தது. ரொட்டி அப்படியே இருந்தது. தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து, சுவரைத் தொட்டபடியே வெளியே போனார்.