நானூறு தடவை செத்த ராஜா

ஓங்கிய வாள் இறங்கவில்லை.

எதிரே ராஜா மண்டியிட்டு, கழுத்தை வாகாக நீட்டிக்கொண்டு காத்திருந்தார். இளவரசன் வெட்ட வேண்டும், ராஜா சாக வேண்டும், திரை விழ வேண்டும். நானூறு ஆட்டமாக அப்படித்தான் நடக்கிறது.

ராஜா வேடத்தில் இருந்தவர் இளவரசனாக நடிப்பவனின் சொந்த அண்ணன். இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. சண்டை எதற்கு என்று கேட்டால், இருவருமே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். முகம் பார்த்துப் பேசுவது மேடையில் மட்டும்தான். அதுவும் யாரோ எழுதிய வசனம்.

எனக்கு உரியதைப் பறித்தவனே என்று தம்பி கர்ஜிக்கும்போது அரங்கமே அதிரும். அவ்வளவும் நடிப்பில்லை என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று கடைசி ஆட்டம். நாளை குழு கலைகிறது.

வாள் இறங்கிவிட்டால் அண்ணனிடம் பேச ஒரு வசனம்கூட மிச்சமிருக்காது.

திரை மறைவில் வசனம் எடுத்துக் கொடுப்பவர், வெட்டித் தொலை என்பதாகத் தன் கழுத்தையே கையால் அறுத்துக் காட்டினார். சவப்பெட்டி தூக்க வேண்டிய நான்கு வீரர்களும் கால் கடுத்துப்போய் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

தம்பி வாளைக் கீழே போட்டான்.

"போ, மன்னிச்சுட்டேன்."

இளவரசனின் செந்தமிழ் எங்கோ போய்விட்டது.

அண்ணன் திருதிருவென்று விழித்தார். இதற்கு அவருக்குப் பதில் வசனம் கிடையாது. உயிரோடு மேடையை விட்டு எந்தப் பக்கமாகப் போவது என்றுகூடத் தெரியாது. நானூறு தடவையும் தூக்கிக்கொண்டுதானே போனார்கள்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, பழக்க தோஷம், அங்கிக்குள் இருந்த சிவப்புச் சாயப் பையை அமுக்கிக்கொண்டு சாய்ந்து செத்துப்போனார்.

மன்னிப்பு தாங்காமல் ஒரு மனிதர் உயிரை விட்டதைப் பார்த்து, கூட்டம் எழுந்து நின்று அழுதது.

தம்பி ஓடிப்போய்ப் பிணத்தருகே குனிந்தான். பிணம் கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தது.

"மேக்கப் ரூம் ஃபேனை இனிமே உன் பக்கமே திருப்பி வச்சுக்கோடா."

பதினோரு வருஷச் சண்டையும் அந்த ஒற்றை ஃபேனுக்காகத்தான்.

நாளைக்குக் காலையில் அந்த அறையையும் காலி செய்கிறார்கள். தம்பி அதைச் சொல்லவில்லை. சரி அண்ணா என்று மட்டும் சொன்னான்.